நரிவெங்காயம்

நரிவெங்காயம், இந்தியத் தீபகற்பத்தின் வறண்ட குன்றுகளிலும் மணற்பாங்கான கடலோரங்களிலும் தானாக வளரும் கிழங்குச் செடி. காட்டு வெங்காயம் என்றும் சொல்வார்கள். தாவரவியலில் இதன் இன்றைய பெயர் டிரிமியா இண்டிகா. உர்ஜினியா இண்டிகா என்ற பழைய பெயரே மருத்துவ நூல்களில் இன்றும் அதிகம் காணப்படுகிறது. உருவத்தில் வெங்காயத்தை ஒத்திருந்தாலும் உறவில் விலகியது. சமையல் வெங்காயம் அமரில்லிடேசியே குடும்பத்தையும், நரிவெங்காயம் தண்ணீர்விட்டான் கிழங்கு அடங்கிய அஸ்பராகேசியே குடும்பத்தையும் சேர்ந்தவை. சமையல் வெங்காயம் உணவு. நரிவெங்காயம் நஞ்சு, அளவறிந்து கையாண்டபோது மருந்தாகவும் பயன்பட்டது.

இச்செடி விரும்பும் நிலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகமும் அதன் சுற்றுவட்டாரமும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த மேட்டுநிலத்தில் பாறையும் முட்புதரும் புல்வெளியும் மாறிமாறி வருகின்றன. தங்கத்துக்காக 120 ஆண்டுகளுக்கு மேல் தோண்டப்பட்ட மண் இது. சுரங்கத்தின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அந்த மண்ணின் மேற்பரப்பில் என்ன வாழ்ந்தது என்பது குறைவாகவே பதிவாகியுள்ளது. ஆகவே இக்கட்டுரை செடியின் வரலாற்றையும் அதன் நிலத்தின் வரலாற்றையும் சேர்த்தே சொல்கிறது.

பெயர்கள்

தமிழில் நரிவெங்காயம், காட்டு வெங்காயம். தெலுங்கில் நக்கவுல்லிகட்ட, அடவி உல்லி. கன்னடத்தில் காடு ஈருள்ளி. மலையாளத்தில் காட்டுள்ளி. இந்தியில் ஜங்லி பியாஸ். வடமொழி மருத்துவ நூல்களில் வனபலாண்டு, கோலகந்தம். யுனானி மருத்துவர்கள் உன்சுல் என்றும் இஸ்கீல் என்றும் குறிப்பிடுவார்கள்.

ஒரே பெயரில் வேறு செடிகளும் வழங்குவது உண்டு. இலையில் கரும்புள்ளிகள் கொண்ட லெடெபூரியா என்ற சிறு கிழங்குச் செடிக்குச் சிறுநரி வெங்காயம் என்று பெயர். நாட்டுமருந்துக் கடைகளில் இரண்டின் துண்டுகளும் கலந்து வந்த காலம் உண்டு. காய்ந்த துண்டை வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். உயிருள்ள செடியில் இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நரிவெங்காயத்தின் இலையில் புள்ளி கிடையாது.

உருவமைப்பு

மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். சராசரியாக 5 முதல் 10 செ.மீ. வரை குறுக்களவு, முதிர்ந்தவை இன்னும் பெரிதாகும். வெளியே காகிதம் போன்ற காய்ந்த தோல், உள்ளே வெளிர்ந்த சதைப்பற்றான அடுக்குகள். நறுக்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். வெங்காயத்தின் கந்தக நெடி வராது, கண்ணில் நீர் சுரக்காது. மாறாக, கத்தியில் ஒட்டி நூலாக இழுபடும் கோழை வடியும். அது பட்ட தோலில் சற்று நேரத்தில் அரிப்பு எடுக்கும். சதைக்குள் கட்டுக்கட்டாக அடங்கியுள்ள ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் குத்துவதே அதற்குக் காரணம். நாக்கில் பட்டால் கடுமையான கசப்பும் எரிச்சலும் உண்டாகும்.

இலைகள் நீண்டு, தட்டையாக, நுனி கூர்ந்து கிழங்கின் தலையிலிருந்தே கொத்தாக எழும். பூத்தண்டு ஒற்றையாக, இலையின்றி நிமிர்ந்து நிற்கும். பெரும்பாலும் முழங்காலுக்கு மேல் வரும். நல்ல கிழங்கானால் இடுப்புயரத்தையும் தொடும். அதன் மேற்பாதியில் மெல்லிய காம்புகளில் பூக்கள் இடைவெளிவிட்டுத் தொங்கும். ஆறு இதழ்கள், அழுக்கு வெள்ளையோ வெளிர்பழுப்போ கலந்த நிறம், ஒவ்வோர் இதழின் நடுவிலும் பசுமை அல்லது பழுப்பு கலந்த கோடு. ஆறு மகரந்தத் தாள்கள். பூக்கள் கீழிருந்து மேலாக, நாளொன்றுக்குச் சில என்ற கணக்கில் விரியும். ஒரு பூ விரிந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. எந்த வேளையில் மொட்டு அவிழ்கிறது என்பதைக்கூட இப்பேரினத்தின் இனங்களைப் பிரிக்கும் அடையாளமாகத் தாவரவியலாளர்கள் கொள்கிறார்கள். காய் மூன்று பட்டைகள் கொண்டது. முதிர்ந்து வெடிக்கும்போது தகடு போன்ற கருநிற விதைகள் காற்றில் சிதறும்.

வாழிடமும் பருவச் சுழற்சியும்

ஆப்பிரிக்காவின் சில பகுதிகள் தொடங்கி இந்தோசீனம் வரை இச்செடி பரவியுள்ளது. இந்தியாவில் கொங்கணக் கடற்கரை, சோழமண்டலக் கடற்கரை, தக்காண மேட்டுநிலம், வெளி இமயத்தின் அடிவாரக் குன்றுகள் ஆகிய இடங்களில் காணலாம். இவ்வளவு தொலைவாகப் பிரிந்து கிடக்கும் இடங்களுக்குப் பொதுவாக இருப்பவை இரண்டு: நீர் தேங்காத மண், மரநிழல் குறைந்த திறந்த வெளி. கடலோர மணலும் உள்நாட்டுப் பாறைச் சரளையும் இந்த இரண்டையும் தருகின்றன.

செடியின் ஆண்டு, மழையைச் சுற்றியே சுழல்கிறது. மழைக்காலத்தில் இலைவிட்டு, கிடைக்கும் ஈரத்திலும் வெயிலிலும் உணவு தயாரித்துக் கிழங்கில் சேர்க்கும். மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கியதும் இலைகள் வாடி மறையும். அதன் பின் பல மாதங்கள் நிலத்தின் மேல் செடி இருப்பதற்கான அடையாளமே இருக்காது. மார்ச் முதல் மே வரையான கடுங்கோடையில், சுற்றிலும் புல் கருகிக் கிடக்கும்போது, இலை ஏதுமின்றிப் பூத்தண்டு மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். சேமித்த உணவைக் கொண்டே பூத்து, காய்த்து, மழை தொடங்கும் தறுவாயில் விதையை உதிர்த்துவிடும். விதை விழுந்ததும் ஈரம் கிடைக்கிறது. தாய்க்கிழங்கும் மீண்டும் இலைவிடுகிறது.

இந்த ஒழுங்கு வறட்சிக்கு மட்டும் விடையல்ல. கோடையில் குன்றுகளில் பற்றும் புல்தீ மேற்பரப்பை எரித்துவிட்டுப் போகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குச் சேதம் குறைவு. ஆடு மாடுகள் மேயும் இடத்தில் நஞ்சுள்ள செடி தப்பிக்கிறது. மரம் ஓங்கி நிழல் விழும் அடர்காட்டில் இது செழிக்காது. உழுது புரட்டிய வயலிலும் நிலைக்காது. மரமும் இல்லாத, ஏரும் படாத நிலமே இதன் வீடு.

ஊரிகம் வட்டாரம்

தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை சராசரியாக 700 மி.மீ. அளவில்தான். தென்மேற்குப் பருவக்காற்று இங்கு வந்துசேரும்போது பெரும்பகுதி ஈரத்தை மேற்குத்தொடர்ச்சி மலையிலேயே இழந்திருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாத மழையே இங்குப் பெரிய மழை. ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு வரும் கோடை மழை அவ்வப்போது மண்ணை நனைக்கும்.

நிலத்தின் அடிப்படை, கோலார் சிஸ்ட் பட்டை எனப்படும் மிகப் பழைய பாறைப்பட்டை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமுமே கொண்ட அதன் கரும்பாறைக்குள் ஓடிய குவார்ட்ஸ் நரம்புகளில்தான் தங்கம் இருந்தது. இருபுறமும் கருங்கல் வகையான நைஸ் பாறைகள். இவை வெயிலிலும் மழையிலும் சிதைந்து சரளையாகவும் செம்மண்ணாகவும் பாறை இடுக்குகளில் படிகின்றன. அந்த மண் ஆழமில்லாதது, நீரை உடனே வடியவிடுவது. நரிவெங்காயத்துக்கு இதைவிட ஏற்ற மண் வேண்டியதில்லை.

இந்த மேட்டுநிலத்தின் இயல்பான தாவரங்கள் விராலி, களா, காரை, ஆவாரை, வேல வகைகள், உயரமான மணப்புற்கள். கிழக்கே ஆந்திர எல்லையை நோக்கிப் போகப்போக இலையுதிர் காடு தென்படும். இப்புதர்களுக்கு நடுவிலும், தரையோடு தரையாகப் பரந்த பாறைகளின் விளிம்பிலும் கிழங்குச் செடிகள் பல வகை வாழ்கின்றன. மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் தலைகாட்டி மறைவதால் ஊருக்கு அருகிலேயே இருந்தும் பலர் கண்ணில் அவை படுவதில்லை.

பயிரிடும் வெங்காயமும் தங்கவயல் அடங்கிய கோலார் மாவட்டத்துக்குப் பெயர் தேடித் தந்திருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பெங்களூரு ரோஸ் வெங்காயம், பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாபூர், கோலார் மாவட்டங்களில் விளைகிறது. அதில் பெரும்பகுதி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறுகிறது. அது கிணற்று நீரும் உரமும் வேண்டும் பயிர். நரிவெங்காயமோ யாரும் நீர் ஊற்றாமல் அதே மாவட்டத்தின் குன்றில் வளர்வது.

அறிவியல் பதிவின் வரலாறு

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்ததும் மைசூர் நாட்டின் நிலத்தையும் விளைபொருளையும் கணக்கெடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களை அனுப்பியது. மருத்துவரும் தாவரவியலாளருமான பிரான்சிஸ் புக்கானன் 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, வெங்கடகிரி, பேத்தமங்கலம் வழியாக மே மாதம் பெங்களூரு சேர்ந்தார். தங்கவயலுக்குப் பின்னாளில் குடிநீர் தந்த ஏரி இருக்கும் ஊர்தான் பேத்தமங்கலம். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இவ்வட்டாரத்து மண்ணில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு ஊரிகம், மாரிகுப்பம் பகுதிகளுக்கு வந்தார். கிராமத்தார் மண்ணை அள்ளி, கழுவி, தங்கத் துகள் எடுப்பதைக் கண்டு அறிக்கை எழுதினார். ஊரிகம் என்ற பெயர் ஆங்கிலப் பதிவுகளில் ஏறியது அவ்வழியாகத்தான்.

செடிக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. 1776 முதல் சென்னை மாகாணத்தில் கம்பெனி மருத்துவராக இருந்த அவர், ஆந்திரக் கடலோரத்துச் சாமர்லகோட்டாவில் பல ஆண்டுகள் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான செடிகளை வரையச் செய்தவர் அவர். 1815இல் அவர் இறந்த பிறகு, 1832இல் வெளிவந்த ‘ஃப்ளோரா இண்டிகா’ நூலில் சில்லா இண்டிகா என்ற பெயரில் நரிவெங்காயம் இடம்பெற்றது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு செடிக்குச் சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே இட்டு சில்லா கோரமாண்டலியானா என்றார்.

அதன்பின் பெயர் இருமுறை மாறியது. 1834இல் அடால்ஃப் ஸ்டைன்ஹைல், அல்ஜீரியாவில் கண்ட செடி ஒன்றை வைத்து உர்ஜினியா என்ற பேரினத்தை உருவாக்கினார். 1843இல் ஜெர்மானியரான குந்த் இந்தியச் செடியை அதில் சேர்த்தார். அடுத்த 130 ஆண்டுகளுக்கு மேல் உர்ஜினியா இண்டிகா என்பதே நிலைத்தது. 1977இல் ஜான் ஜெஸ்சாப் இதை டிரிமியாவில் வைத்தார். பழைய லிலியேசியே குடும்பம் மரபணு ஆய்வுகளால் பல கூறாகப் பிரிந்தபோது இச்செடியின் குடும்பமும் மாறி, இன்று அஸ்பராகேசியேயில் நிற்கிறது. இப்படிப் பெயர்கள் மாறியதால் ஒரே செடியைப் பற்றிய குறிப்புகள் மூன்று பெயர்களின் கீழ் சிதறிக் கிடக்கின்றன. மருந்து வரலாற்றைத் தேடுபவர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மருத்துவ வரலாறு

நரிவெங்காயத்தின் மருத்துவக் கதை மத்தியதரைக் கடல் நாடுகளில் தொடங்குகிறது. அங்குள்ள நெருங்கிய உறவினமான டிரிமியா மாரிட்டிமா, கிலோக் கணக்கில் எடைவரும் பெருங்கிழங்கு. பித்தாகரஸ் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார் என்று ரோமானிய அறிஞர் பிளினி குறிப்பிடுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் டயாஸ்கொரிடீஸ், கிழங்கைப் புளிக்காடியில் ஊறவைத்துச் செய்யும் மருந்தை விவரித்திருக்கிறார். கிரேக்க மருத்துவம் அரபு மொழிக்குப் போய், அங்கிருந்து யுனானியாக இந்தியாவுக்கு வந்தபோது இந்த மருந்தும் உடன் வந்தது. கடல் கடந்து வரும் கிழங்குக்குப் பதிலாக இங்கேயே விளையும் நரிவெங்காயத்தை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சளியை இளக்கி வெளியேற்றவும், நீர்க்கட்டு வற்றச் சிறுநீரைப் பெருக்கவும் கொடுத்தார்கள்.

ஆங்கிலேய மருத்துவர்களும் அதையே செய்தார்கள். சென்னையில் பணியாற்றிய வைட்லா ஐன்ஸ்லி, 1813இல் நாட்டு மருந்துகளைத் தொகுத்து நூலாக்கினார். கடைவீதியில் கேட்டு வாங்க உதவும்படி மருந்துகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் அதில் தந்தார். 1868இல் எட்வர்ட் வேரிங் தொகுத்த ‘இந்திய ஃபார்மகோபியா’வும், மறு ஆண்டு சென்னையைச் சேர்ந்த மொகிதீன் ஷெரீஃப் எழுதிய அதன் துணைநூலும் நாட்டு மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கு அறிமுகம் செய்தன. 1890களில் வெளிவந்த டைமாக், வார்டன், ஹூப்பர் ஆகிய மூவரின் ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’ நரிவெங்காயத்தை வட்டாரப் பெயர்களோடு விவரித்தது. 1900இல் பிரிட்டிஷ் மருந்தேட்டின் இந்திய, குடியேற்ற நாட்டு இணைப்பில் உர்ஜினியாவுக்கு இடம் கிடைத்தது. மத்தியதரைக் கிழங்குக்கு ஈடாகப் பயன்படுத்தலாம் என்ற அதிகாரபூர்வ ஒப்புதல் அது. விடுதலைக்குப் பின் இந்திய மருந்தேட்டிலும் அது தொடர்ந்தது.

மருந்துக்குக் கிழங்கு எடுப்பதில் பக்குவம் உண்டு. செடி பூத்து முடிந்தபின் தோண்டுவார்கள். எலுமிச்சை அளவுள்ள இளங்கிழங்குகளே வீரியம் மிக்கவை என்பதால் பெரியவற்றை ஒதுக்குவார்கள். காய்ந்த மேல்தோலை நீக்கி, துண்டுகளாக நறுக்கி, உலர்த்துவார்கள். உலர்ந்த துண்டு காற்றின் ஈரத்தை உடனே இழுத்துக் குழைந்துவிடும்; பூசணமும் பிடிக்கும். அதனால் காற்றுப் புகாத கலத்தில் வைத்தாக வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் இதன் பயன் பெரும்பாலும் வெளிப்பூச்சோடு நின்றது. கிழங்கைத் தணலில் சுட்டு, பொறுக்கும் சூட்டில் காலாணிமீது வைத்துக் கட்டுவார்கள். மருவுக்கும் இதே முறை. கல்லும் முள்ளுமான நிலத்தில் வெறுங்காலோடு நடந்த தலைமுறைகளுக்குக் காலாணி சிறிய தொல்லை அல்ல.

நஞ்சு செயல்படும் விதம்

மருந்தும் நஞ்சும் ஒரே பொருளிலிருந்தே வருகின்றன. 1920களிலும் 1930களிலும் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டோல் தலைமையிலான குழு மத்தியதரைக் கிழங்கிலிருந்து சில்லாரென் ஏ என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. பூஃபாடையீனோலைடு எனப்படும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தேரையின் தோலில் சுரக்கும் நஞ்சும் இதே குடும்பம். நரிவெங்காயத்திலும் சில்லாரென் ஏ, புரோசில்லாரிடின் ஏ ஆகியவை உள்ளன.

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் நுண்ணிய பம்புகள் இடைவிடாமல் இயங்குகின்றன. பூஃபாடையீனோலைடுகள் இந்தப் பம்பை அடைக்கின்றன. உயிரணுவுக்குள் சோடியம் கூடுகிறது; அதைத் தொடர்ந்து கால்சியமும் கூடுகிறது; தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. அளவு சரியாக இருந்தால் பலவீனமான இதயம் வலுவாகத் துடிக்கும். தேங்கிய நீர் வடியும். அளவு சற்றே மிஞ்சினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு தளர்தல், துடிப்பின் ஒழுங்கு குலைதல், இறுதியில் இதயம் நின்றுபோதல். 1785இல் வில்லியம் விதரிங் அறிமுகம் செய்த டிஜிட்டாலிஸும் இவ்விதமே செயல்படுகிறது. அதன் அளவைத் துல்லியமாக நிர்ணயிக்க முடிந்ததால் மருத்துவம் அந்த வழியில் போயிற்று. கிழங்கில் நஞ்சின் அளவு இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நரிவெங்காயம் பின்தங்கியது. வீட்டில் யாரும் இதை உள்ளுக்குச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். சமையல் வெங்காயம் என்று நினைத்துச் சிறுவர்கள் வாயில் வைக்கவும் விடக் கூடாது. தவறி விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மத்தியதரை இனத்தின் செந்நிற வகை எலிப்பாஷாணமாகப் பெயர் பெற்றது. மனிதரும் நாயும் பூனையும் இதைத் தின்றால் வாந்தியெடுத்து ஓரளவு தப்பலாம். எலிக்கு வாந்தியெடுக்கும் திறனே கிடையாது. உள்ளே போன நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

தறியிலும் வாசலிலும்

கிழங்கின் கோழைக்கும் பயன் கண்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி நெசவாளர்கள், கோலிகந்தா என்ற காட்டு வெங்காயத்தின் சாற்றை மெல்லிய பருத்தி நூலுக்குக் கஞ்சியாகப் பூசி வந்திருக்கிறார்கள். பாவு நூல் முறியாமல் தறியில் ஓட அது உதவுகிறது. தோலை அரிக்கும் அதே கோழை, நூலிழைகளைப் பிசிரின்றி ஒட்டவைக்கிறது.

வாசலில் கிழங்கைக் கட்டித் தொங்கவிடும் நம்பிக்கை மத்தியதரை நாடுகளில் பழையது. தீங்கு அண்டாமல் இருக்க முழுக்கிழங்கைக் கதவில் தொங்கவிடுவதை டயாஸ்கொரிடீஸே குறிப்பிடுகிறார். கிரீட் தீவில் புத்தாண்டுக்கு இன்றும் செய்கிறார்கள். மண்ணைவிட்டு எடுத்த பிறகும் இந்தக் கிழங்கு துளிர்ப்பதைக் கண்டவர்கள் அதற்கு உயிர்காக்கும் ஆற்றல் உண்டென்று நம்பினார்கள். தமிழகத்தில் ஆகாசகருடன் கிழங்கைத் திருஷ்டிக்காக வாசலில் கட்டுவதும் இதே வகை நம்பிக்கைதான். அது வேறு குடும்பத்துச் செடி.

குரோமோசோம் ஆய்வுகள்

இருபதாம் நூற்றாண்டில் நரிவெங்காயம் உயிரணுவியலாளர்களின் விருப்பச் செடியானது. இதன் குரோமோசோம்கள் அளவில் பெரியவை. நுண்ணோக்கியில் எண்ணுவது எளிது. அடிப்படை எண் 10. சில செடிகளில் 20, சிலவற்றில் 30, சிலவற்றில் 40 என்று இருப்பது தெரியவந்தது. 30 உள்ள மும்மயச் செடிகளில் விதை சரியாகப் பிடிக்காது. அவை கிழங்கு பிரிந்து பக்கக் கன்றுகள் விடுவதன் மூலமே பெருகுகின்றன. ஆகவே ஒரு குன்றில் கூட்டமாக நிற்பவை அனைத்தும் ஒரே தாய்க்கிழங்கின் பிரதிகளாக இருக்கக்கூடும்; அடுத்த குன்றில் இருப்பவை மரபில் வேறுபட்டவையாக இருக்கலாம்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுமிதா ஜாவும் சுமித்ரா சென்னும் 1980களில் வெவ்வேறு குரோமோசோம் வகைகளில் உள்ள பூஃபாடையீனோலைடுகளை ஒப்பிட்டார்கள். கிழங்கின் செதில் துண்டுகளிலிருந்து திசுவளர்ப்பு முறையில் புதிய செடிகளையும் உருவாக்கிக் காட்டினார்கள். பெங்களூரு பல்கலைக்கழகத்திலும் கர்நாடகத்தின் பல இடங்களிலிருந்து திரட்டிய கிழங்குகளை வைத்து இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. நரிவெங்காயம் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பதற்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால், ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்தில் இருக்கிறதே என்று அமைதிகொள்ள முடியாது. ஒரு குன்றோடு ஒரு மரபுவழியே போய்விடலாம்.

வாழிடத்தின் வரலாறு

ஊரிகத்தின் நிலம் மாறத் தொடங்கியது 1870களில். முன்னாள் படைவீரரான மைக்கேல் லாவெல் 1873இல் மைசூர் அரசிடம் அகழும் உரிமை கேட்டு, 1875இல் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க் ஆகிய சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். சுரங்கத்தில் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும்; அடுப்புக்கு விறகு வேண்டும். சுற்றிலும் இருந்த புதர்க்காடு அதற்கு ஈடுகொடுத்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டி இறங்கியது. ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த வயல், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

பாறையை அரைத்துச் சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்தபின் எஞ்சிய மண், சயனைடு மேடுகளாகக் குவிந்தது. அளவு சுமார் 3.3 கோடி டன். கந்தகச் சேர்மங்கள் கொண்ட அந்த நுண்மண் மழையில் அமிலமாகிறது, கோடைக் காற்றில் புழுதியாகப் பறக்கிறது. இயல்பான மண்ணின் அடுக்கும் உயிரும் அதில் இல்லை. மேட்டின் அடியில் எந்தக் குன்றும் புல்வெளியும் புதைந்தனவோ, அவற்றின் கிழங்குச் செடிகளும் அவற்றோடு புதைந்தன.

சுரங்கத்துக்கு வெளியே நடந்த மாற்றம் அதைவிடப் பரந்தது. 1980களின் சமூகக் காடு வளர்ப்புத் திட்டங்களில் கோலார் மாவட்டத்தின் மேய்ச்சல் நிலங்களிலும் தனியார் மானாவாரி நிலங்களிலும் யூக்கலிப்டஸ் பெருமளவில் நடப்பட்டது. நட்ட இடத்தில் குழி தோண்டினார்கள், புதரை அகற்றினார்கள். நெருக்கமான நிழலும் சருகும் நிலத்தை மூடின. நிலத்தடி நீர் குறைவது குறித்த கவலையால் 2017இல் கர்நாடக அரசு புதிய யூக்கலிப்டஸ் நடவுக்குத் தடை விதித்தது. இதற்கிடையே கருங்கல் குவாரிகள் குன்றுகளையே எடுத்துச் சென்றன. இப்போது பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது. சாலையோரக் குன்றுகளும் கோமாளம் எனப்படும் பொது மேய்ச்சல் நிலங்களும் மனைகளாகின்றன.

இந்த மாற்றங்கள் அனைத்துக்கும் பின்னால் ஒரே கணக்குதான் உள்ளது. வருவாய்ப் பதிவேடுகளில் இத்தகைய நிலம் தரிசு. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தது. 2000 முதல் வெளிவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்புகளில் புதர்நிலமும் பாறைநிலமும் தனித்தனி வகைகளாக இடம்பெறுகின்றன. வரி தராததும் மரம் தராததும் வீண் என்ற பார்வை அதில் உறைந்திருக்கிறது. மரம் நடுவது நல்லது என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தபோது, திறந்த புல்வெளியையும் பாறைவெளியையும் காக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. நரிவெங்காயம், லெடெபூரியா, தரைவாழ் ஆர்க்கிடுகள், மணப்புற்கள், அவற்றை நம்பிய பூச்சிகளும் பறவைகளும் வாழ்வது இந்த நிலத்தில்தான். மழை ஓய்ந்து இலை மறைந்த மாதங்களில் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிப்போகும் கணக்கெடுப்பில் மண்ணுக்குள் உறங்கும் கிழங்கு எதுவும் ஏறாது.

பாதுகாப்பும் வளர்ப்பும்

நரிவெங்காயத்தை வளர்ப்பது கடினமல்ல. மணலும் சரளையும் கலந்த, நீர் வடியும் மண்ணில், முழு வெயிலில், கிழங்கின் கழுத்து மேலே தெரியும்படி நட்டால் போதும். இலை வாடிய பின் நீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் அழுகும். விதையிலிருந்தும் பக்கக் கன்றிலிருந்தும் பெருக்கலாம். விதையிலிருந்து வரும் செடி பூக்கும் அளவுக்குக் கிழங்கு திரள்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே காட்டில் தோண்டி எடுத்த ஒரு கிழங்குக்கு ஈடாக இன்னொன்று விரைவில் வந்துவிடாது. மருந்துத் தேவைக்குப் பயிரிட்டு எடுப்பதே சரியான வழி.

செடியைத் தொட்டியில் காப்பாற்றுவது வேறு. அதன் நிலத்தைக் காப்பாற்றுவது வேறு. ஊரிகம் வட்டாரத்தில் செய்யத்தக்கவை தெளிவாகவே உள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் பூத்தண்டைக் கொண்டும், மழைக்காலத்தில் இலையைக் கொண்டும் குன்றுவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். ஒரே பருவத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எஞ்சிய பாறைக்குன்றுகளிலும் மேய்ச்சல் வெளிகளிலும் குழி தோண்டி மரம் நடுவதை நிறுத்த வேண்டும். மரம் தேவைப்படும் இடம் சயனைடு மேடுகளும் அவற்றின் சுற்றுப்புறமுமே. புழுதியை அடக்க அங்கே நடலாம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் இக்கணக்கெடுப்பில் பங்கேற்க முடியும்: செடியைப் பிடுங்காமல் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்தாலே பயனுள்ள பதிவாகும். தங்கம் எடுத்த ஆழங்களையெல்லாம் அளந்து வைத்திருக்கும் இந்த ஊருக்கு, தன் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் என்ன வாழ்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.